ரோலாவிலிருந்து பூர்சாவுக்குப் பதினாறு பேர்

டூர் லீடர் என்றால் சரித்திரம் சொல்பவர் என்று நினைத்துத்தான் இந்த வேலைக்கு வந்தேன். எல்லாரும் பாத்ரூம் போய்விட்டு வந்தாச்சா என்று கேட்பவர் என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது.

ஷார்ஜா ரோலாவில் ஒரு டிராவல்ஸ் ஆபீஸில் ஒன்பது வருஷமாக டிக்கெட் கவுண்டரில் இருக்கிறேன். ‘உஸ்மானியர் நகரங்கள், ஏழு நாள்’ என்ற போஸ்டருக்குக் கீழேயே உட்கார்ந்து அந்த டூரை விற்றேனே தவிர, துருக்கிப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. வழக்கமாகக் கூட்டிப்போகிறவருக்குத் திடீரென்று முதுகுப் பிடிப்பு. முதலாளி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என்னிடம் வந்து நின்றார். “மும்தாஜ், நீதானே விக்கிறே, நீயே போய்ட்டு வா. கம்ப்ளெயின்ட் மட்டும் வரக் கூடாது. வந்தா மறுபடி கவுண்டர்தான்” என்றார்.

உங்களில் யாராவது ஒரு கல்யாணத்துக்கு வேன் பிடித்துச் சொந்தக்காரர்களைக் கூட்டிப்போயிருந்தால், நான் பட்ட பாட்டை விளக்கவே வேண்டாம். அந்த வேனுக்குப் பாஸ்போர்ட்டும் விசாவும் சேர்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

டிரைவர் பக்கத்து சீட்டு

பதினாறு பேரில் பெரும்பாலானவர்கள் ஷார்ஜா, அஜ்மான் குடும்பங்கள். தனியாகத் தெரிந்தது கலியமூர்த்தி அண்ணனும் அவர் மனைவி பூங்கொடி அக்காவும்தான். அண்ணனுக்கு ஜெயங்கொண்டம் பக்கம் ஒரு கிராமம். துபாய் ஜெபல் அலியில் ஒரு கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். இருபத்திரண்டு வருஷ வேலையை முடித்துக்கொண்டு ஊருக்கே போகப் போகிறார். போவதற்கு முன் மனைவியை விசிட் விசாவில் வரவழைத்திருந்தார். அந்த அக்காவுக்குத் துருக்கி விசாவை ஊரிலிருந்தே எடுக்க வைப்பதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. “ஏன் அண்ணே துருக்கி?” என்று கேட்டதற்குப் போஸ்டரில் பூர்சா நகரத்துக்குப் பின்னால் தெரிந்த மலையைக் காட்டினார். “இத்தினி வருசமா மணலையே பாத்துட்டேன் மேடம். அதுல பனி கெடக்கு பாருங்க. அவளுக்கு ஒரு தடவ காட்டிரணும்.”

இஸ்தான்புல் ஏர்போர்ட்டில் எங்கள் பஸ் வந்து நின்றது. அண்ணன் முதல் ஆளாக ஏறி டிரைவருக்குப் பக்கத்து ஒற்றை சீட்டில் உட்கார்ந்தார். அக்கா கடைசியாக ஏறிக் கடைசி வரிசைக்குப் போனார். ஏதாவது சண்டையோ என்று நினைத்தேன். மெதுவாகப் போய் அண்ணனிடம் கேட்டேன். அவர் திடுக்கிட்டுத் திரும்பிப் பின்னால் பார்த்தார். அவர் முகம் சிவந்துவிட்டது. “கம்பெனி பஸ்ஸுல ஏறுனா மொதல்ல காலியா இருக்குற சீட்டுல உக்காந்துருவோம் மேடம். கூட ஒரு ஆளு வருதுங்குறதே ஞாபகமில்ல.”

முந்நூற்றுப் பன்னிரண்டாம் அறை

மறுநாள் காலை ஹோட்டல் ரிசப்ஷனில் இருந்த பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். முந்நூற்றுப் பன்னிரண்டாம் அறையில் விடியும் முன்பே தண்ணீர்ச் சத்தம், கீழ் அறைக்காரர் புகார் செய்கிறார் என்றாள். அதோடு வெளியே வந்து மேலே பார்க்கச் சொன்னாள். பார்த்தேன். சுற்றுலாப் பயணிகள் படமெடுத்துக்கொண்டு போகிற அழகான தெரு. அதற்கு மேலே, பால்கனிக் கம்பியில், துவைத்த நான்கு சட்டைகள் இடைவெளி விடாமல் வரிசையாகத் தொங்கின.

அது கலியமூர்த்தி அண்ணன் அறை. கேட்டதும் தலையைச் சொறிந்தார். “நாலரை தாண்டுனா பாத்ரூமுக்கு க்யூ நிக்கணும்ல மேடம்?” என்றார். கம்பெனியின் லேபர் கேம்பில் ஒரு அறையில் ஆறு பேர், ஒரு வரிசை அறைகளுக்கு ஒரே பாத்ரூம். இங்கே பாத்ரூம் உங்கள் அறைக்குள்ளேயே இருக்கிறது, உங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் என்று பொறுமையாகச் சொன்னேன். அவர் தலையாட்டினார். “அது எனக்குத் தெரியும் மேடம். ஒடம்புக்குத் தெரியலியே.”

சுல்தான் வீட்டு அத்தர்

குழுவின் இன்னொரு ஜோடி உவைஸ் காக்காவும் ஜுலைஹா லாத்தாவும். எங்கள் காயல்பட்டினத்துக்காரர்கள். அங்கே அண்ணனைக் காக்கா என்றும் அக்காவை லாத்தா என்றும் சொல்வோம். காக்காவுக்கு ரோலாவில் அத்தர் கடை. கடைக்கு மேலேயே வீடு. லாத்தாதான் கல்லாவில் உட்காருவார். முப்பது வருஷமாகக் கீழே கடையிலும் சேர்ந்து, மேலே வீட்டிலும் சேர்ந்து வாழ்கிறவர்கள். காக்கா எதைப் பார்த்தாலும் வியாபாரியின் கண்ணோடுதான் பார்ப்பார். தோப்காப்பி அரண்மனையின் சமையல்கட்டை நாங்கள் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் மட்டும், இவ்வளவு பெரிய இடத்தைச் சும்மா போட்டிருக்கிறார்களே என்று வருத்தப்பட்டார்.

மசாலா பஜாரில் ஒரு கடைக்காரன் காக்காவைப் பிடித்துக்கொண்டான். ஒரு குப்பியைத் திறந்து அவர் மணிக்கட்டில் தடவி, இது சுல்தான்கள் பூசியது, எங்கள் பரம்பரை ரகசியம், வேறு எங்கும் கிடைக்காது என்று கதை விட்டான். எங்கள் உள்ளூர் வழிகாட்டி எம்ரே அதை ஆங்கிலத்தில் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். காக்கா மரியாதையாகக் கேட்டுக்கொண்டே குப்பியை மூடி, தலைகீழாகத் திருப்பி அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. கடைக்காரனை அப்படியே கட்டிக்கொண்டார். “அல்ஹம்துலில்லாஹ்! சுல்தானும் நம்ம துபாய் டேராவுலதான் சரக்கு எடுத்திருக்கார்!”

நிரந்தர விருந்தாளி

மூன்றாம் நாள் சுலைமானியா பள்ளிவாசல். அதன் பின் முற்றத்திலிருந்து பார்த்தால் கீழே கடலும் கப்பல்களும் பாலமும் ஒரே சட்டத்துக்குள் தெரியும். எம்ரே கட்டடக் கலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பூங்கொடி அக்கா என் பக்கத்தில் வந்து நின்று, கடலைப் பார்த்தபடியே கேட்டார்.

“ஏம்மா மும்தாசு, ஷார்ஜாவுலேருந்து திருச்சிக்கு எங்க ரெண்டு பேருக்கும் சேத்து டிக்கட் போட்டல்ல? என்னோடத மட்டும் ஒரு வாரம் முன்னாடி மாத்த முடியுமா?”

ஒன்பது வருஷப் பழக்கம். மாற்றினால் அபராதம் எவ்வளவு என்று என் வாய் தானாகச் சொல்லத் தொடங்கியது. பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். “ஏங்க்கா, அண்ணன் ஏதாவது சொன்னாரா?” என்றேன். “ஒண்ணும் சொல்லல. அதான்” என்றார். கல்யாணமாகி இருபத்தோரு வருஷம். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டு மாத லீவு. மொத்தமாகக் கூட்டினாலும் சேர்ந்து இருந்தது இரண்டு வருஷம் தேறாது. வீடு கட்டியது அக்கா. பெண்ணை நர்சிங் சேர்த்தது அக்கா. பையனை பாலிடெக்னிக்கில் சேர்த்தது அக்கா. நான்கு தையல் மிஷின் போட்டு மூன்று பெண்களுக்குச் சம்பளமும் கொடுக்கிறார். “நல்ல மனுசந்தான், ஒரு குத்தம் சொல்ல முடியாது. லீவுல வருவாரு, கறி மீனு ஆக்கிப் போட்டு அனுப்பிருவேன். நெரந்தரமா வர்ற விருந்தாளிய என்னாம்மா பண்றது?”

தோளுக்கு மேலே

பூர்சாவில் பட்டு விற்கிற பழைய சத்திரம் ஒன்று உண்டு. நடுவில் பெரிய முற்றம், அதில் ஒரு குட்டிப் பள்ளிவாசல், சுற்றி இரண்டு மாடிக்குப் பட்டுக் கடைகள். அங்கிருந்து மூடிய பஜாருக்குள் நுழைந்து, மறுபக்கம் பெரிய பள்ளிவாசலில் வெளியே வர வேண்டும். கால் மணி நேர நடை. உள்ளே போகும்போது பதினாறு. வெளியே வந்து எண்ணினேன், பதினைந்து. மறுபடி எண்ணினேன். கலியமூர்த்தி அண்ணனைக் காணோம். அவர் போனுக்கு அடித்தால் அது பூங்கொடி அக்காவின் பையிலேயே அடித்தது. இருபத்திரண்டு வருஷம் வெளிநாட்டில் இருந்தவர்தான். ஆனால் கேம்ப் பஸ்ஸைத் தவிர வேறு எதிலும் ஏறி எங்கும் தனியாகப் போனவரில்லை.

பஜார் காவலர் ஒருவர் நோட்டை எடுத்துக்கொண்டார். எம்ரே மொழிபெயர்க்க, நான் அக்காவிடம் கேட்டேன். என்ன சட்டை? அக்கா யோசித்தார். தெரியவில்லை. என்ன உயரம்? என் தோளா, காதா, அதற்கு மேலா? அக்கா தன் கையைத் தூக்கினார், இறக்கினார், மறுபடி தூக்கினார். ஒல்லியா, பருமனா? தொப்பை உண்டா? நடையில் ஏதாவது அடையாளம்? காவலர் என்னைச் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்தார், இந்த அக்கா உண்மையிலேயே அவர் மனைவிதானா என்று.

அக்கா அப்படியே ஒரு கடை வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் தளும்பியது. “மூஞ்சி கேளு, மச்சத்தோட சொல்றேன். இத்தினி வருசமா போன்லதானம்மா பாத்தேன்? தோளுக்குக் கீழ எனக்கு எப்புடித் தெரியும்?”

அசெம்பிளி பாயின்ட்

ஒன்றரை மணி நேரம் தேடினோம். தன் போனில் குரூப் போட்டோ இருப்பது உவைஸ் காக்காவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது; ஒவ்வொரு கடையாகப் போய் அதைக் காட்டினார். அக்கா எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை துருக்கி தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. கண்ணில் பட்டவரை எல்லாம் நிறுத்தி, தன் கன்னத்தில் விரலால் மச்சம் வைத்துக் காட்டி, “எங்க வூட்டுக்காரரு” என்று தமிழிலேயே கேட்டார். ஆச்சரியம் என்னவென்றால், எல்லாருக்கும் புரிந்தது. கடைசியில் டீ தட்டு ஏந்திப் போன ஒரு பெரியவர் அந்த மச்சத்தைப் பார்த்ததும் நின்றார். தலையாட்டினார். தட்டோடு முன்னால் நடந்தார்.

இன்னொரு சத்திரம். அதே மாதிரி முற்றம், நடுவில் நீர்த்தொட்டி. அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் அண்ணன் இரண்டு கையையும் பின்னால் கட்டி நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார். உட்காரக்கூட இல்லை. வழி தப்பியதும், யார்டில் சைரன் அடித்தால் செய்கிற மாதிரி, காலியான திறந்த இடத்துக்கு வந்துவிட்டாராம். நாங்கள் முதலில் கூடிய முற்றம் இதுதான் என்று நினைத்திருக்கிறார். “அசெம்பிளி பாயின்ட்ட விட்டு நகரக் கூடாது மேடம், அதான் ரூலு” என்றார்.

பூங்கொடி அக்காவுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. அம்மம்மா! போனை ஏன் என் பையில் போட்டீர்கள் என்று ஆரம்பித்து, இரண்டாயிரத்துப் பதினைந்தில் எதற்கோ போன் எடுக்காதது வரை, நிறுத்தாமல் கத்தித் தீர்த்தார். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்கள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அழுகிறாரோ என்று கிட்டே போனேன். சிரித்துக்கொண்டிருந்தார். “என்னைய யாரும் இப்புடித் தேடுனதில்ல மேடம். யார்டுல ஆளு கொறஞ்சா நம்பரத்தான் கூப்புடுவாங்க.”

வெந்நீர்க் குளியல்

அடுத்த நாள் காலை மலைக்குப் போய்ப் பனி பார்த்தோம். அண்ணன் அக்காவின் கையில் ஒரு கட்டி பனியை வைத்தார். அக்கா அதை அவர் சட்டைக் காலருக்குள் போட்டார். நான் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன்.

மத்தியானம் பூர்சாவின் வெந்நீர் ஊற்றுக் குளியல். ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். ஜுலைஹா லாத்தா வாசலிலேயே நின்றுகொண்டு, இதெல்லாம் நமக்கு ஆகாது என்று மறுத்தார். பிறகு உள்ளே வந்தார். பிறகு வெளியே வர மறுத்தார். சூடான பளிங்குக் கல்லில் துண்டைச் சுற்றிக்கொண்டு மூன்று பேரும் படுத்திருந்தோம். மேலே குவிமாடத்தின் துளைகளில் வெளிச்சம் வட்ட வட்டமாக விழுந்தது. பூங்கொடி அக்கா தன் கவலையை லாத்தாவிடமும் சொன்னார். இத்தனை வருஷம் இல்லாத மனுஷரோடு இனி எப்படி முழு நாளும் இருப்பது, நீங்கள் எப்படி முப்பது வருஷம் சமாளித்தீர்கள் என்று. லாத்தா கண்ணை மூடிக்கொண்டே படுத்திருந்தார். தூங்கிவிட்டாரோ என்று பார்த்தேன். “நீ ஒங்க ஆளைத் தேடிக் கண்டுபிடிச்சே. இவரு ஒரு நாளாச்சும் தொலைவாரான்னு நான் முப்பது வருஷமா பாக்குறேன் புள்ள.”

எடிர்னே ஆஸ்பத்திரி

எடிர்னே நகரத்தில், ஆற்றங்கரையில், ஐந்நூறு வருஷத்துக்கு முந்திய ஆஸ்பத்திரி ஒன்று இருக்கிறது. இப்போது மியூசியம். மனநோயாளிகளுக்கு இங்கே பாட்டாலும் தண்ணீர்ச் சத்தத்தாலும் வைத்தியம் செய்தார்களாம். பெரிய குவிமாடத்துக்குக் கீழே ஒரு நீரூற்று, சுற்றி அறைகள், ஒரு பக்கம் பாடுகிறவர்களுக்கு மேடை. அங்கே பாடினால் ஒவ்வொரு அறைக்கும் ஒரே மாதிரி கேட்குமாம். எம்ரே கையைத் தட்டிக் காட்டினார். சத்தம் மேலே போய்ச் சுற்றி இறங்கியது. “யாராவது பாடுறீங்களா?” என்றார். எல்லாரும் ஒருவரை ஒருவர் முன்னால் தள்ளினார்கள். கலியமூர்த்தி அண்ணன் என் பக்கம் வந்து, “நான் பாடலாமா மேடம்? வெள்ளிக்கிழமை ரூமுல பாடுவோம்” என்றார்.

கேம்பில் அந்த அறையின் ஆறு பேரும் சேர்ந்து கட்டிய பாட்டாம். முதல் அடியில் பருப்பு, இரண்டாவதில் லேட்டாக வரும் பஸ், மூன்றாவதில் லீவு தராத சூப்பர்வைசர். நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு அடிக்குப் பிறகும் ஒரு இழுவை வரும். அந்த இடத்தில் ஆளுக்கு ஆள் அவரவர் மனைவி பேரைப் போட்டுப் பாடுவார்களாம். இவர் ‘பூங்கொடி’ என்று இழுத்தார். அந்தக் குரல் குவிமாடத்துக்குப் போய், ஒவ்வொரு அறையிலும் நுழைந்து, எங்கள் எல்லார் மேலும் இறங்கியது. இரண்டாம் தடவை அந்தப் பேர் வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. மியூசியக் காவலர்கூடத் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு என் தோளில் சாய்ந்துவிட்டார். “போன்ல ‘சாப்ட்டியா, புள்ளைவ படிக்குதா’ன்னு மட்டுந்தாம்மா கேப்பாரு. இந்த மனுசனுக்குப் பாட வரும்னு எனக்கு ஒரு வார்த்த சொன்னதில்ல.”

டிக்கெட் விவகாரம்

எடிர்னேயிலிருந்து இஸ்தான்புல்லுக்கு பஸ் திரும்பியது. என் மனதில் அந்த டிக்கெட் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. மாற்றுவதென்றால் அன்றைக்கே ஆபீஸுக்குச் சொல்ல வேண்டும். கேட்கவும் தயக்கம். நடுவில் டீ குடிக்க நிறுத்திய இடத்தில் அக்காவைத் தனியாகப் பிடித்து, “அக்கா, அந்த டிக்கெட்…” என்று ஆரம்பித்தேன். அக்கா, கடையில் அண்ணன் சரியான வரிசையில் நிற்கிறாரா என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். “மாத்தாதம்மா. தனியா விட்டா வேற ஊரு ஃப்ளைட்டுல ஏறிருவாரு.”

கருத்துப் படிவம்

ஷார்ஜாவில் இறங்கியதும் எல்லாரிடமும் கருத்துப் படிவம் வாங்க வேண்டும். முதலாளி வரவே கூடாது என்ற கம்ப்ளெயின்டுக்கான கட்டத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பதினைந்து படிவத்தில் அது காலி. ஒன்றில் மட்டும், அரபு எழுத்தில் தமிழை எழுதுகிற அரபுத்தமிழில், அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. முதலாளிக்கு அது வாசிக்கத் தெரியாது என்பது என் அதிர்ஷ்டம். ஜுலைஹா லாத்தா எழுதியது: “அடுத்த தடவை ஆம்பளைங்களுக்குத் தனி பஸ் போடவும்.”

ஜெயங்கொண்டத்திலிருந்து ஒரு குரல்

நான்கு மாதம் கழித்து, நான் அடுத்த குழுவுக்கு விசா ஃபைல் கட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், வாட்ஸ்அப்பில் பூங்கொடி அக்காவின் குரல் வந்தது. பின்னால் தையல் மிஷின் ஓடுகிற சத்தம். அண்ணனை லைனிங் துணி வாங்க அனுப்பியிருக்கிறார். அவர் நிறம் மாற்றி வாங்கி வந்துவிட்டார். தெருவே கூடுகிற மாதிரி சண்டை. இரண்டு நாள் பேச்சு இல்லை. மூன்றாம் நாள் அவரே பஸ் ஏறிப் போய் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார். பிறகு குரல் தாழ்ந்து வந்தது. “போன்லன்னா கோவம் வந்தா கட் பண்ணிருவேன் மும்தாசு. இப்ப கட் பண்ண முடியல. திரும்பிப் பாத்தா அங்கயேதான் உக்காந்துருக்காரு. சரி, இருந்துட்டுப் போவட்டும்.”

ஆக, உஸ்மானியர்கள் அறுநூறு வருஷம் ஆண்ட ஊர்களைப் பதினாறு பேருக்கு ஏழு நாளில் குறைவில்லாமல் காட்டிவிட்டேன் என்று ஆபீஸ் ஃபைலில் இருக்கிறது. அவர்கள் எதைப் பார்த்தார்கள் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.